காடு காக்க ஒரு லைசென்ஸ்

அந்த மஞ்சப்பைக்குள் மொத்தம் பத்தொன்பது காகிதங்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் பரப்பினேன். சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சாகுபடிச் சான்று, ஆதார் நகல், போட்டோ ஒட்டிய விண்ணப்பப் படிவத்தின் நகல், உடம்பும் மனசும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழ், பெரியப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று அக்காமார் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடிதம், பதிவுத் தபால் ரசீதுகள். எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், ஓரமெல்லாம் பழுத்துப்போன ஒரு சின்னப் புத்தகம். அதுதான் பெரியப்பாவின் துப்பாக்கி லைசென்ஸ். முதல் பக்கத்தில் 1974 என்று மை மங்கிய தேதி. அதற்கப்புறம் பக்கத்துக்குப் பக்கம் புதுப்பித்த முத்திரைகள்.

"இந்தப் பையத் தூக்கிக்கிட்டு எத்தன தடவ அலைஞ்சிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல தம்பி" என்றார் அண்ணன். பெரியப்பாவின் மூத்த மகன். "துப்பாக்கி குடுக்கலன்னாலும் போகட்டும். குடுக்க மாட்டோம்னாவது ஒரு தாள்ல எழுதிக் குடுக்கலாம்லா?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற பாதையில் மானூர், தேவர்குளம், வன்னிக்கோனேந்தல் எல்லாம் தாண்டினால் வரும் ஊர் பனவடலிசத்திரம். வடலி என்றால் இளம்பனை. பனை வடலிகளுக்கு நடுவே வழிப்போக்கர் தங்கிப் போன சத்திரம் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊர். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். அதற்கு முன்னால் நெல்லை. கொஞ்சம் நடந்தால் இன்னொரு மாவட்டத்தின் எல்லை வந்துவிடும். அண்ணனின் புஞ்சை எந்த எல்லைக்குள் இருக்கிறது, மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை. தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தில் பயிர்க்காவல் துப்பாக்கிக்கு மனுப் போட்டவரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்வார்.

கரிசல்காட்டில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. புஞ்சைக்குப் போவதை 'காட்டுக்குப் போறேன்' என்பார்கள். மரம் அடர்ந்த காட்டை அதில் யாரும் நினைப்பதில்லை. உளுந்தும் பாசியும் பருத்தியும் விளைகிற திறந்தவெளிதான் இங்கே காடு. அந்தக் காட்டுக்குள் இப்போது நிஜக்காட்டுப் பிராணி வந்து குடியேறிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை எங்கோ புளியங்குடி, சிவகிரிப் பக்கம் நீலமாய்த் தெரிகிறது. பன்றி இங்கே ஓடைக்கரையில் குட்டி போடுகிறது. ஓடை, குளத்தங்கால், தரிசு என்று எங்கு பார்த்தாலும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேல்தான் அதற்கு வீடு. பகலில் அந்த முள்ளுக்குள் நாயும் நுழையாது, ஆளும் நுழையமாட்டான். பன்றியை அடிக்கிற புலியோ செந்நாயோ இந்தப் பக்கம் கிடையாது. ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டிகள் என்று பெருகிக்கொண்டே போகிறது.

புரட்டாசி, ஐப்பசியில் ஈரத்தைப் பார்த்து மக்காச்சோளம் ஊன்றுகிறார்கள். கார்த்திகைக் கடைசியில், மார்கழியில் கதிர் பால் பிடிக்கும். பன்றிக்கு அந்த நாள் எப்படித்தான் தெரியுமோ, சரியாக அன்றைக்குத்தான் இறங்குகிறது. தட்டையை நெஞ்சால் சாய்த்து, கதிரைக் கடித்து, பாதியைத் தின்று பாதியை மிதித்துப் போகும். தின்றதைவிடச் சாய்த்ததுதான் அதிகம். போன மார்கழியில் அண்ணனோடு விடியற்காலை புஞ்சைக்குப் போனேன். பொழியிலிருந்து பார்த்தால் பயிர் நன்றாகத்தான் நின்றது. உள்ளே பத்தடி நடந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு நடுவிலே வெட்டவெளி. தட்டைகள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. கடிபட்ட கதிர்களில் பால் இன்னும் காயவில்லை. அண்ணன் குனிந்து ஒரு கதிரை எடுத்து, தோகையை மூடி, மறுபடி கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

சுற்றி நாலு பக்கமும் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார். சலூனிலிருந்து தலைமுடியை மூட்டையாக வாங்கி வந்து வரப்பெல்லாம் தூவியிருந்தார். ராத்திரி பரணில் உட்கார்ந்து தகர டின்னைத் தட்டுவார், டார்ச் அடிப்பார், வேட்டு போடுவார். முதல் நாலு நாள் பன்றி மிரளும். அஞ்சாவது நாள் அதற்குப் பழகிவிடும்.

பெரியப்பாவின் துப்பாக்கி

ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. தோட்டா போடுகிற வகை இல்லை; குழல் வாயிலே மருந்தைப் போட்டு, துணியை வைத்துக் கம்பியால் இடித்து, கேப்பு மாட்டிச் சுடுகிற பழைய சாமான். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே ஒரு பீடி பிடித்து முடிக்கலாம் என்பார் பெரியப்பா. அவர் லைசென்ஸ் வாங்கிய காலத்தில் கம்மங்கதிருக்குக் கிளியும் நிலக்கடலைக்கு நரியும்தான் எதிரிகள். பிறகு பன்றி வந்தது. எதுவாக இருந்தாலும் அவர் வானத்தைப் பார்த்துத்தான் சுடுவார். அந்தச் சத்தம் இரண்டு ஊர்களுக்குக் கேட்கும். அக்கம்பக்கத்துப் புஞ்சைக்காரர்களும் அன்றைக்குக் கொஞ்சம் கண்ணயர்வார்கள்.

தேர்தல் அறிவித்த மறுநாளே அவர் முகம் வாடிவிடும். உரிமம் பெற்ற துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தேங்காயெண்ணெய் தொட்டுக் குழலைத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போவார். அங்கே நம்பரைப் பதிவேட்டில் எழுதி, அட்டை கட்டி, ரசீது கொடுப்பார்கள். 2011இல் அது இரண்டு தடவை நடந்தது. ஏப்ரலில் சட்டசபைத் தேர்தல், அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். அக்டோபர் என்றால் விதைப்புக் காலம். ஊன்றிய விதையைப் பன்றி கிளறித் தின்கிற நேரத்தில் துப்பாக்கி ஏதோ ஒரு ஸ்டேஷன் அறையில் இருந்தது. பெரியப்பா அதற்காகக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஓட்டுப் பெட்டிக்குக் காவல் வேணும்லா, அதுக்குப் பெறகுதான் நம்ம காடு" என்பார்.

அந்த மனிதர் 2020இல் போய்ச் சேர்ந்தார். லைசென்ஸ் ஆளோடு போய்விடும். மகன் கைக்குத் தானாக வராது. முறைப்படி துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு அண்ணன் தன் பெயரில் மனுப் போட்டார். அதற்கப்புறம்தான் மஞ்சப்பை கனக்க ஆரம்பித்தது.

மனு போகிற பாதை இது. மாவட்டத்தில் லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு. நெல்லை, மதுரை, சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனருக்கு. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் காவல்துறைக்கு இறங்கும். எஸ்.பி., டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர் என்று படியிறங்கி உள்ளூர் ஸ்டேஷன் வரை வரும். வழக்கு உண்டா, ஊரில் பகை உண்டா, குடிப்பவரா, கோபக்காரரா என்று விசாரித்து அறிக்கை மேலே ஏறும். இன்னொரு கடிதம் வருவாய்த் துறை வழியாக வரும். கோட்டாட்சியர், தாசில்தார், ஆர்.ஐ., கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கி, நிலம் இவருடையதா, என்ன பயிர், சேதம் உண்மையா என்று பார்த்துவிட்டு அதுவும் ஏறும். இரண்டும் மேலே போய்ச் சந்திக்க வேண்டும். அண்ணன் மனுவில் ஒன்று ஏறியதாம். இன்னொன்று எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவில் அதிகாரிகள் மாறினார்கள். புது அதிகாரி வந்தால் பழைய அறிக்கை செல்லாது, மறுபடி விசாரணை. இப்படியே நாலு மக்காச்சோள வெள்ளாமை முடிந்துவிட்டது.

சட்டம் சொல்வது ஒன்று

ஆயுதச் சட்டம் 1959இல் நிறைவேறி 1962 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 13ஆம் பிரிவை ஒவ்வொரு விவசாயிக்கும் தமிழில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உண்மையிலேயே பயிரைக் காப்பதற்காக ஒரு குடிமகன் வாய்வழி மருந்திடும் துப்பாக்கி கேட்டால், மறுப்பதற்குச் சட்டம் சொல்லும் காரணம் எதுவும் இல்லாத பட்சத்தில், உரிமம் வழங்க வேண்டும் என்கிறது அது. 'வழங்கலாம்' என்று இல்லை, 'வழங்க வேண்டும்' என்றே இருக்கிறது. மற்ற பல துப்பாக்கிகளுக்கு 'தக்க காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தி அடைந்தால்' என்ற நிபந்தனை உண்டு. பயிர்க்காவலுக்கு அந்தப் பூட்டைச் சட்டம் போடவில்லை. அதுமட்டுமில்லை, பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கி போதாது என்று தோன்றினால் வேறு வகைத் துப்பாக்கிக்கும் உரிமம் கொடுக்க வழி வைத்திருக்கிறது.

மறுப்பதற்கான காரணங்களை 14ஆம் பிரிவு சொல்கிறது. மனநலம் சரியில்லாதவர், ஏதாவது ஒரு வகையில் தகுதியற்றவர், பொது அமைதிக்குக் கேடு வரும் என்கிற நிலை. சொத்து போதவில்லை என்பதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறார்கள். இரண்டு ஏக்கர்க்காரனையும் இருபது ஏக்கர்க்காரனையும் ஒரே தட்டில் வைத்த அந்த வரியை எழுதியவர்களை நான் மனதார மதிக்கிறேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்; பொதுநலனுக்குக் கேடில்லாத வரை, கேட்டால் தெரிவிக்கவும் வேண்டும். அதை வைத்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2016இல் வந்த ஆயுத விதிகள் நாள்கணக்கையும் வைத்தன. போலீஸ் அறிக்கைக்கு 30 நாள்; அறிக்கை வந்தபின் முடிவெடுக்க 60 நாள். குறித்த காலத்தில் அறிக்கை வராவிட்டால், அதற்குக் காத்திராமலேயே முடிவெடுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

நடப்பில், துப்பாக்கி என்று யார் மனுப் போட்டாலும் 'உயிருக்கு அச்சுறுத்தல் உண்டா' என்ற ஒரே தராசில்தான் நிறுக்கிறார்கள். தொழிலதிபரையும் அரசியல்வாதியையும் நிறுக்கிற தராசு அது. விவசாயி 'என் உயிருக்கு ஒன்றுமில்லை, பயிருக்குத்தான் ஆபத்து' என்றால் அதை எழுத அந்தப் படிக்கட்டில் யாரிடமும் கட்டம் இல்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2016 கடைசியில் நாடு முழுக்க 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,532. 2011 மக்கள்தொகையை வைத்து வகுத்தால் உத்தரப் பிரதேசத்தில் சுமார் 156 பேருக்கு ஒன்று. இங்கே 3,200 பேருக்கு ஒன்று. பக்கத்திலேயே குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸே தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்து விலக்கு அது. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். கைல்போள்து திருநாளில் வீட்டுக்கு வீடு துப்பாக்கிக்குப் பூச்சூட்டிக் கும்பிடுவார்கள்.

நம் ஊரும் அப்படி ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். இந்த மண் எனக்குத் தெரியும். 1990களில் தென்மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் வெந்ததைப் பள்ளிப் பிள்ளையாகப் பார்த்தவன் நான். கொடியங்குளம் என்ற பெயரைச் சொன்னால் இன்றைக்கும் குரல் தாழ்கிறவர்கள் உண்டு. வரப்புத் தகராறு அரிவாளில் முடிகிற ஊரில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. ஒரு ஆட்சியர் இந்தப் பக்கம் கையெழுத்துப் போடத் தயங்கினால் அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும், கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு வருஷம் வரை சிறை என்று ஆக்கியதும் நல்ல காரியங்கள்தான். அதே திருத்தம் உரிமக் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாகவும் கூட்டியது.

தயங்குகிறவர் 'இல்லை' என்று சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்.

1801இன் பாக்கி

பனவடலிசத்திரத்துக்கு மேற்கே போனால் நெற்கட்டும்செவல். பூலித்தேவன் கோட்டை கட்டி 1755இல் கர்னல் ஹெரானின் படையை எதிர்த்து நின்ற ஊர். தென்கிழக்கே கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் புஞ்சைகள் இருக்கின்றன. பாளையக்காரர் போர் ஓய்ந்ததும் 1801 டிசம்பர் முதல் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். கோட்டைகள் இடிபட்டன, பாளையங்களிலிருந்து ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஆயுதத்தைக் கீழே போடுங்கள், இனி உங்களையும் உங்கள் உடைமையையும் கம்பெனி அரசாங்கம் காக்கும் என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். அதுவரை இந்தச் சீமையில் காவல் என்பது ஊரோடு ஒட்டிய தொழில். காவல்காரருக்கு ஊர் கூலி அளந்தது, களவு போனால் காவல்காரர் ஈடு கொடுத்தார். அந்த ஏற்பாட்டில் கொடுமைகளும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பிறகு 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியனுக்கு லைசென்ஸ். அந்த அவமானம் காங்கிரஸ்காரர்களை எவ்வளவு உறுத்தியது என்பதற்கு 1931 கராச்சி மாநாடு சாட்சி. அங்கே நிறைவேறிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம்பெற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த அரசியல் சட்டம் அதை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆனால் கணக்கு அங்கேயே முடியவில்லை. ஆயுதத்தை வாங்கிக்கொண்டபோது காவலையும் தானே ஏற்பதாகச் சொல்லித்தான் அரசு வாங்கிக்கொண்டது. கம்பெனி போய், ராணி போய், நம் அரசே வந்த பிறகும் அந்த வாக்கு நிற்கிறது. கரிசல்காட்டில் ராத்திரி பரணில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அந்த வாக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சுடக்கூடாத துப்பாக்கி

சரி, லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பன்றியைச் சுடலாமா? கூடாது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்த காட்டுப்பன்றி, 2022 திருத்தத்துக்குப் பின் 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் அட்டவணைக்கு வந்துவிட்டது. மயிலைப் பற்றிப் பேசவே வேண்டாம். முதல் அட்டவணை, தேசியப் பறவை. ஆக, பயிர்க்காவல் துப்பாக்கிக்கு மிச்சம் இருக்கிற வேலை பெரியப்பா செய்ததுதான். சத்தம் போடுவது. ஒரு சட்டம் 'துப்பாக்கி கொடு' என்கிறது, இன்னொரு சட்டம் 'சுடாதே' என்கிறது. இரண்டுக்கும் அதனதன் நியாயம் உண்டு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து விவசாயிக்கு விளக்கிச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் வேதனை.

சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வேறு வழிகள் முளைக்கின்றன. வீட்டுக் கரண்டை நேராக எடுத்துக் கம்பியில் விடுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் பன்றிக்கு வைத்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்ததையும், தாய்களை இழந்த இரண்டு குட்டிகள் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததையும் நாடே பார்த்தது. யானை செத்தால் செய்தி வருகிறது. கம்பி இருப்பது தெரியாமல் இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துப் புஞ்சைக்காரர் செத்தால் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி. அந்த நாலு வரிகளை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். செத்தவரும் விவசாயி, கம்பி போட்டுச் சிறைக்குப் போகிறவரும் விவசாயி. சில சமயம் இருவரும் சொந்தக்காரர்கள். பன்றி வெடி வைத்து, அதைக் கடித்த மாடு வாய் கிழிந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பார்த்தால் போதும், பிறகு தூக்கம் வராது. லைசென்ஸ் நாட்டுத் துப்பாக்கியின் ஒரு வெற்றுவெடியோடு ஒப்பிட்டால் இவை எவ்வளவு கொடூரமானவை!

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2025 ஜனவரியில் தமிழக அரசு, வனத்தை விட்டு வெளியே வரும் பன்றிகளுக்கு ஒரு வரையறை போட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். பனவடலிசத்திரத்துப் பன்றிகள் சந்தேகமில்லாமல் மூன்றாவது வகை. கேட்டதும் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். ஊரில் குழு கூடி, சேதத்தைப் பார்த்து, வனத்துறைக்கு எழுதி, அங்கிருந்து ஆள் வர வேண்டும். பன்றி வருவதோ ராத்திரி இரண்டு மணிக்கு. அந்த இரண்டு மணிக்கும் வனத்துறை ஆள் வந்து நிற்கிற நாளுக்கும் நடுவே எத்தனை ராத்திரி என்பதுதான் கேள்வி. கேரளம் 2022இல் வேறு வழியை எடுத்தது. உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைத் தந்து, லைசென்ஸ் வைத்திருக்கும் துப்பாக்கிக்காரர்களைப் பட்டியல் எடுத்துப் பயன்படுத்தியது. ஊராட்சி மன்றத் தலைவர் கதவைத் தட்டுவது, மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறுவதைவிட எளிது.

பயிர்க் காப்பீட்டிலும் ஒரு நல்ல செய்தி. வனவிலங்கால் வரும் சேதத்தையும் 2026 காரிஃப் பருவத்திலிருந்து பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 72 மணி நேரத்துக்குள் செல்போன் செயலியில் போட்டோவோடு பதிய வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கிற ஆத்தாளுக்கு அதை யார் பதிந்து கொடுப்பது என்பதையும் சேர்த்து யோசித்தால் நன்றாக இருக்கும்.

உலகத்திலேயே துப்பாக்கிக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள நாடுகளில் ஒன்று ஜப்பான். அங்கே வேட்டைத் துப்பாக்கி வேண்டுமென்றால் வகுப்பில் உட்கார வேண்டும், எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், சுடும் திடலில் தேற வேண்டும், டாக்டர் சான்று வாங்க வேண்டும். போலீஸ் வீட்டுக்கு வந்து துப்பாக்கிப் பெட்டியையும் பூட்டையும் பார்ப்பார்கள், வருஷாவருஷம் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். அங்கேயும் மலையோர ஊர்களில் காட்டுப்பன்றித் தொல்லை உண்டு. நகராட்சியும் ஊராட்சியும் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களையும் கூண்டு வைப்பவர்களையும் சேர்த்துக் குழு அமைத்திருக்கின்றன. கதவு இடுக்கமானதுதான், ஆனால் எத்தனை படி, எங்கே நிற்கிறோம் என்று மனுதாரருக்குத் தெரியும். கடுமைக்கும் இழுத்தடிப்புக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

இங்கேயும் அப்படிச் செய்ய முடியும். பயிர்க்காவல் மனுவை மற்ற துப்பாக்கி மனுக்களோடு கலக்காமல் தனிக் கோப்பாக வைக்கலாம். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மாதாமாதம் அதன் நிலையை வாசிக்கலாம். ஆளுக்கொரு துப்பாக்கி ஆபத்து என்றால், நாலைந்து ஊருக்கு ஒருவர் என்று நம்பகமானவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர் பெயரில் உரிமம் கொடுத்து, வனத்துறையின் மேற்பார்வையில் வைக்கலாம். தேர்தல் காலத்தில்கூட, வழக்கு எதுவும் இல்லாத பயிர்க்காவல் உரிமக்காரருக்கு விலக்கு தர முடியுமா என்று ஒவ்வொரு பெயராகப் பார்க்கலாம். வங்கிக் காவலாளிக்கும் துப்பாக்கிச் சுடும் வீரருக்கும் அந்த விலக்கு இருக்கிறதே. இதெல்லாம் முடியாது என்றால், குழுவின் ஆள் இன்ன ராத்திரி வருவார் என்று தேதி சொல்லலாம். ஏதோ ஒன்று.

கிளம்புகிற அன்றைக்கு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மனு எழுதச் சொன்னார். இதற்கு முன்னால் எழுதியவையெல்லாம் 'தயவுகூர்ந்து துப்பாக்கி உரிமம் வழங்கும்படி' என்று முடிந்தவை. இந்தத் தடவை அப்படி எழுதவில்லை. மனுப் போட்ட தேதியை எழுதினோம். 13ஆம் பிரிவு, 14ஆம் பிரிவு, 60 நாள் என்று எழுதினோம். கடைசியில், 'உரிமம் வழங்க இயலாது எனில் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதி நான் வாசித்துக் காட்டியதும், அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எழுதுனது சரிதான் தம்பி. கொஞ்சம் காட்டமா இருக்கோ?"

"இல்லண்ணே. சட்டத்துல உள்ளதுதான்."

"அப்படின்னா சரி."

கையெழுத்துப் போட்டார். தபாலாபீஸுக்குச் சேர்ந்தே நடந்தோம். வழியில் ஒரு புஞ்சையில் பெண்கள் சாய்ந்த தட்டைகளை மாட்டுக்காக அறுத்துக்கொண்டிருந்தார்கள். "ஒங்க காட்டுலயும் எறங்கிட்டா?" என்று ஒரு அக்கா கேட்டார். "எறங்கிட்டு" என்றார் அண்ணன். பதிவுத் தபாலில் சேர்த்து ரசீதை வாங்கி, இரண்டாக மடித்து, மஞ்சப்பைக்குள் வைத்தார். இருபதாவது காகிதம். பொழுது சாய்வதற்குள் பரணுக்கு ஏற வேண்டும் என்று வேகமாக நடந்தார்.